மாடு, மதகு, பாதை

காரில் முன்சீட்டில் இருந்தால் என் வாய் சும்மா இருக்காது. "மாடு", "சைக்கிள்", "அந்தா, மதகு வருகுது" என்று சொல்லிக்கொண்டே வருவேன். என் வீட்டுக்காரர் எனக்கு வைத்த பெயர் ஒலிபெருக்கி. கலியாணம் முடித்த புதிதில் கோபப்பட்டார். பிறகு சிரித்தார். பிறகு காது கேளாதவர் மாதிரி இருக்கப் பழகிக்கொண்டார். நாற்பது வருடக் குடும்ப வாழ்க்கையில் ஆண்கள் ஒழுங்காகக் கற்றுக்கொள்வது அந்த ஒன்றைத்தான். என் வயதுப் பெண்களுக்கு இதை நான் விளக்கத் தேவையில்லை.

கொஞ்ச நாளாக ஆள் மாறிவிட்டார். நான் "மாடு" என்றால் உடனே பிரேக்கில் காலை வைக்கிறார். "எனக்குத் தெரியுது, நீ பேசாம வா" என்ற பழைய பேச்சு இல்லை. போன மாதம் வவுணதீவு தாண்டிக் கரடியனாற்றுப் பக்கம் போகும்போது ரோட்டின் நடுவில் நிறுத்தியே விட்டார். கார்க் கண்ணாடியைத் துடைப்பதும் இல்லை, எந்நேரமும் பனிப்புகார் மூடின மாதிரி இருக்கிறது. அதற்கும் ஏசினேன், பேசாமல் இறங்கித் துடைத்தார். மனிதருக்கு எழுபது ஆகப் போகிறது. கண் மங்கத் தொடங்கிவிட்டது, என்னிடம் மறைக்கிறார் என்று நினைத்தேன்.

கண்ணை மறைத்துக்கொண்டு கார் ஓட்டிய ஒருவரை எனக்கு முன்பே தெரியும். ஒரு கோடை முழுவதும் அவருக்குப் பக்கத்தில் இருந்தவள் நான்தான். அவர் என் அப்பா. அப்போது எனக்குப் பத்து வயது.

எங்கள் ஊர் படுவான்கரையில். மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, சூரியன் படுகிற பக்கம். கடலோரமாக இருப்பது எழுவான்கரை. நடுவே வாவி. இப்போது மண்முனையில் பாலம் போட்டு, இந்தக் கரையில் போட்ட வெற்றிலையைத் துப்புவதற்கு முன் அந்தக் கரைக்குப் போய்விடலாம். அப்போது பாலம் இல்லை, பாதைதான்.

பாதை என்றால் உங்களுக்குத் தெரியும். வெளியூரில் பிறந்த உங்கள் மருமக்களுக்குத்தான் சொல்லிக் கொடுக்க வேண்டும். நம்மட பக்கத்தில் கார் ஓடுவது ரோட்டில், மாடு போவது ஒழுங்கையில். பாதை என்பது வாவியில் மிதப்பது. மிதவைகளுக்கு மேலே பலகை அடித்து, ஆட்களையும் வண்டில்களையும் காரையும் ஏற்றி, நாலைந்து பேர் சேர்ந்து அக்கரைக்குக் கொண்டுபோகும் பெரிய தட்டு அது. "பாதை போயிற்று", "பாதை வருகுது", "பாதை அந்தக் கரையில நிக்குது" என்று நாங்கள் சாதாரணமாகச் சொல்வோம். புதிதாக வந்த ஆட்கள் எங்களுக்குப் பைத்தியம் என்று நினைப்பார்கள்.

ஊரில் இருந்த ஒரே கார் அப்பாவுடையது. வாடகைக்கு ஓடும் ஹயர்க் கார். பிள்ளைப்பேறு, பாம்புக்கடி, கலியாணம், செத்தவீடு எல்லாவற்றுக்கும் அந்தக் கறுப்புக் கார்தான். முன்னால் கைபிடியைச் செருகிச் சுற்றினால்தான் ஸ்டார்ட் ஆகும். அப்பா அதற்கு ரப்பர்க் குமிழ் வைத்த ஒரு பித்தளை ஹோன் பூட்டியிருந்தார். அமத்தினால் எருமைக் கன்று கத்துகிற மாதிரிச் சத்தம். வயல் வட்டைக்குள் நின்ற எருமைகள் தலையைத் தூக்கிப் பதில் சொல்லும். இதை நான் கூட்டிச் சொல்லவில்லை.

அந்த வருடம் பெரும்போக வெட்டு முடிந்து, வட்டை எல்லாம் ஒட்டுக்கட்டையாகக் கிடந்தது. கிறவல் ரோட்டின் செம்புழுதி கண்ணிமையில் படியும். காருக்குள் பெற்றோலும் வெயிலில் காய்ந்த தோல் சீட்டும் சேர்ந்து ஒரு வாசம் அடிக்கும். கட்டைச் சட்டையோடு இருந்தால் அந்தச் சீட்டுத் தொடையைச் சுட்டுவிடும். ஒரு சனிக்கிழமை அப்பா என்னைக் கூப்பிட்டார்.

"மகள், வாறியா? எனக்கு ஒரு கண்டக்டர் வேணும்."

விளையாட்டின் சட்டம் சுலபம். முன்னால் எது வந்தாலும் அப்பா காண்பதற்கு முன் நான் சொல்ல வேண்டும். அப்பா முந்திக்கொண்டால் எனக்குத் தோல்வி. இருபது சரியாகச் சொன்னால் கார் லாச்சிக்குள் இருந்து ஒரு தோடம்பழ இனிப்பு. "மாடு ரெண்டு, இடக்கைப் பக்கம்." "மதகு, சோத்துக்கைப் பக்கம் உடைஞ்சு கிடக்கு." "ஆச்சி ஒருவ, தலையில புல்லுக்கட்டு." நான் ஒருநாளும் தோற்கவில்லை. அப்பா இவ்வளவு மந்தமான ஆளா என்று எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

பாதையில் காரை ஏற்றுவதுதான் பெரிய வேலை. துறையில் ரோட்டு சரிந்து தண்ணீருக்குள் இறங்கும். பாதை வந்து கரையில் முட்டி, பாதைக்காரர்கள் இரண்டு பலகையைப் போட்ட பிறகு, கார்ச் சில்லு இரண்டும் அந்தப் பலகையில் ஏற வேண்டும். அதற்கு எங்களிடம் ஒரு சொல் இருந்தது. பலகை விழுந்ததும் நான் "பாதை இருக்கு" என்பேன். அப்பா கிளச்சிலிருந்து காலை எடுப்பார். "கொஞ்சம் இடக்கை, காணும், நேரே" என்று நான் சொல்லச் சொல்ல ஏறிவிடுவோம். பாதைக்காரர்கள் சிரிப்பார்கள். "பொட்டை என்ன பறை பறையுது" என்பார்கள். பறைவது என்றால் எங்கள் பக்கம் கதைப்பது.

விளையாட்டு ஒரு வெருளியால் முடிந்தது. வெட்டு முடிந்தும் பிடுங்காமல் விட்ட வெருளி அது, பழைய வெள்ளைச் சட்டை போட்டுத் தலையில் சட்டி கவிழ்த்திருந்தது. அப்பா காரை மெதுவாக்கிக் கையைத் தூக்கினார்.

"என்ன விதானையார், இந்த வெயிலுக்குள்ள நிக்கிறீங்க?"

வட்டைக்குத் தண்ணீர் பங்கிட்டு விடும் வட்டவிதானையார் வெள்ளைச் சட்டைதான் போடுவார். ஆனால் வட்டவிதானையார் உண்மையில் அங்கேதான் இருந்தார், முப்பது அடி தள்ளி, வாய்க்கால் கட்டில். வெருளிக்குக் கிடைத்த மரியாதையைப் பார்த்துக்கொண்டு.

"அப்பா, அது வெருளி" என்றேன்.

அப்பா கொஞ்சத் தூரம் போய் ஒரு மருதமரத்து நிழலில் காரை நிறுத்தினார். இனிப்பு ஒன்றை எடுத்து, தாளை உரித்து, என் கையில் தந்தார்.

"அம்மாக்கிட்டச் சொல்லிராத, மகள்."

"வெருளிக்குக் கை காட்டினதையா?"

"அதையும்."

"மத்தது என்ன?"

"எனக்கு முன்னுக்கு எல்லாம் பாலாத் தெரியுது. ஆள் தெரியுது, ஆரெண்டு தெரியல்ல. எங்கட அப்பாக்கும் இப்பிடித்தான் தொடங்கின. மறுகா அவர் தடிய நீட்ட, நான் முன்னுக்குப் பிடிச்சிக்கொண்டு போற."

அப்பாவின் அப்பாவை நான் கண்டதில்லை. குருடராகச் செத்தவர் என்று மட்டும் தெரியும். அந்தக் கண் தனக்கும் எழுதி வைத்தது, மருந்து கிடையாது என்று அப்பா முடிவு கட்டியிருந்தார். ஊருக்குத் தெரிந்தால் காரை விட வேண்டும். காரை விட்டால் அப்பாவுக்குக் கையில் வேறு தொழில் இல்லை. அதைவிடப் பெரிய பயம், அவர் நீட்டுகிற தடியைப் பிடிக்கப் போவது நானாக இருக்கும் என்பது. இதை அவர் சொல்லவில்லை. நான் பெரியவளான பிறகு விளங்கிக்கொண்டேன்.

நீங்கள் கேட்பீர்கள், கண் தெரியாமல் ஆட்களை ஏற்றி ஓடுவது பிழையில்லையா என்று. பிழைதான். பத்து வயதில் எனக்கு அது பிழையாகத் தெரியவில்லை. அப்பாவின் கண் நான் என்பது மட்டும்தான் தெரிந்தது. அன்றிலிருந்து இனிப்புக் கேட்காமல் சொன்னேன். கார் மாட்டுவண்டிலின் வேகத்தில் போனது, சில நேரம் மாட்டுவண்டில் எங்களை முந்தியது. கார்க்காரருக்கு இப்போது நிதானம் வந்துவிட்டது என்று ஊர் பேசியது. வட்டவிதானையார் மட்டும் எங்கள் வீட்டுப் படலைக்கு வந்து, "ஓம், வெருளிக்கிருக்கிற மதிப்பு நமக்கில்ல" என்று அம்மாவிடம் முறைப்பாடு வைத்துவிட்டுப் போனார். அப்பாவுக்குத் தலைக்கனம் பிடித்துவிட்டது என்று அவர் நினைத்தார். அம்மா தேத்தண்ணி கொடுத்து அனுப்பினா.

வைகாசியில் சின்னம்மாவுக்குக் கலியாணம். அம்மாவின் தங்கை, எங்களோடுதான் இருந்தா. மாப்பிள்ளை புளியந்தீவில் கந்தோர்க் கிளாக்கர். நம்மட பக்கத்து வழக்கப்படி மாப்பிள்ளைதான் பெண்வீட்டுக்கு வருவார், வந்தால் அங்கேயே குடியிருப்பார். அவரைக் கூட்டி வருவது யார் என்ற பேச்சு வந்தது. வேறு காரைப் பிடிப்போமா என்று அம்மா மெல்லக் கேட்டுப் பார்த்தா. அப்பாவுக்கு ரோசம் பொத்துக்கொண்டு வந்தது.

"வீட்டுல காரை வச்சிக்கொண்டு மச்சாளுட மாப்பிள்ளைய இன்னொருத்தன்ட கார்ல ஏத்தவா? ஊர் சிரிக்கும்."

அம்மா என்னைப் பார்த்தா. "அப்ப இவளையும் கூட்டிக்கொண்டு போங்க" என்று மட்டும் சொன்னா.

விடிய எழும்பி, புதுச் சட்டை போட்டு, தலைக்கு இரண்டு ரிபன் கட்டிப் போனேன். போகும்போது ஒரு குறையும் இல்லை. புளியந்தீவில் மாப்பிள்ளை பட்டு வேட்டி, தலைப்பாகை, கால் கடிக்கிற புதுச் சப்பாத்தோடு பின்சீட்டில் ஏறினார். பக்கத்தில் தாம்பாளத்தை மடியில் வைத்துக்கொண்டு மாப்பிள்ளையின் அக்கா. பூமாலை வாடிவிட்டது, வேறு கட்ட வேண்டும் என்று அரை மணித்தியாலத்தைத் தின்றவவும் அவதான். முன்சீட்டில் என்னை நடுவில் நெரித்துக்கொண்டு மாப்பிள்ளையின் கந்தோர்ச் சிநேகிதர். யாழ்ப்பாணத்துக்காரர், படுவான்கரைக்கு முதல் தரம் வருகிறார்.

துறைக்கு வந்தபோது பாதை வாவியின் நடுவில் வந்துகொண்டிருந்தது. அப்பா சரிவின் உச்சியில் காரை நிறுத்தினார். எஞ்சினை நிப்பாட்டவில்லை, நிப்பாட்டினால் திரும்பச் சுற்ற வேண்டும். கியரைப் போட்டு, கிளச்சில் காலை வைத்துக்கொண்டு, என் சொல்லுக்குக் காத்திருந்தார். கரையில் சைக்கிளோடு ஒரு காத்தான்குடி நானா நின்றார். முஸ்லிம் அண்ணன்மாரை நாங்கள் நானா என்போம். கரியரில் உடுப்புப் பொட்டலி கட்டி, படுவான்கரை முழுக்க விற்பவர். எங்களைக் கண்டு கையைக் காட்டினார்.

அப்போதுதான் யாழ்ப்பாணத்துக்காரர் என்னிடம் குனிந்தார்.

"பிள்ளை, அக்கரையிலை கார் போகப் பாதை இருக்கோ?"

இந்த இடத்தில் எங்கள் தமிழ் ரீச்சரைக் கொஞ்சம் திட்ட வேண்டியிருக்கிறது. ரோட்டு என்பது தமிழ்ச் சொல் இல்லை, வெளியூர் ஆட்களிடம் பேசும்போது பாதை என்று சொல்லுங்கள் என்று அந்த வாரம்தான் படிப்பித்திருந்தா. எனக்கோ புதுச் சட்டை, இரண்டு ரிபன், கேட்டவர் யாழ்ப்பாணத்துக்காரர். நிமிர்ந்து இருந்து, கார் முழுக்கக் கேட்கும்படியாகச் சொன்னேன்:

"ஓம். நல்ல பாதை இருக்கு."

அப்பா கிளச்சிலிருந்து காலை எடுத்தார்.

"நிப்பாட்டுங்க! நிப்பாட்டுங்க! பாதை இன்னும் வரல்ல!" நானா சைக்கிளைப் போட்டுவிட்டு ஓடி வந்தார்.

"பாதை வரேல்லையோ?" என்று யாழ்ப்பாணத்துக்காரர் தலையை வெளியே நீட்டினார். "பாதை எங்கையிருந்து வாறது?"

அவருக்குப் பதில் கிடைப்பதற்குள் கார் வாவிக்குள் இறங்கிவிட்டது.

பெரிய சத்தம் ஒன்றும் இல்லை. எருமை தண்ணீரில் இறங்குகிற மாதிரி மெல்லத்தான் போனது. எஞ்சின் இரண்டு தரம் இருமி நின்றது. வெதுவெதுப்பான பச்சைத் தண்ணீர் கதவிடுக்கால் ஊறி, என் சப்பாத்தை மூடி, சீட்டுக்கு வந்தது. தாம்பாளத்து வெற்றிலைகள் ஒவ்வொன்றாக மிதந்து முன்னுக்கு வந்தன. ஒரு சின்ன இறால் என் மடிக்கு மேலே துள்ளியது. அந்த இறாலை இன்றைக்கும் என்னால் படமாகக் கீறிக் காட்ட முடியும்.

நானாதான் முதலில் குதித்துக் கதவைத் திறந்தார். இடுப்பளவுத் தண்ணீர்தான், ஒருவருக்கும் ஒன்றும் இல்லை. ஆனால் மாப்பிள்ளையின் அக்கா கரைக்கு வந்ததும் தொடங்கிவிட்டா. மாப்பிள்ளை தண்ணீருக்குள் போன கலியாணம் உருப்படாது, அபசகுனம், திரும்பிப் போவோம் என்று. பிறகு அப்பாவின் பக்கம் திரும்பினா.

"நீங்க என்ன டிரைவர்? உங்களுக்கென்ன கண் தெரியாதா?"

ஏசும்போது எல்லோரும் சொல்கிற சொல்தான். ஆனால் அப்பாவின் முகத்தைப் பார்த்தேன். ஈர வேட்டியோடு, அவ நின்ற பக்கத்துக்குக் கொஞ்சம் விலகி வேறெங்கோ பார்த்துக்கொண்டு நின்றார். துறையில் பத்துப் பதினைந்து பேர் கூடிவிட்டார்கள். என்னால் தாங்க முடியவில்லை. அப்பாவைக் காப்பாற்றப் பாய்ந்தேன்.

"அப்பாட பிழை இல்ல! நான்தான் பாதை இருக்கு எண்டு சொன்ன!"

துறை முழுக்க அமைதியாகிவிட்டது. நான் என்ன செய்துவிட்டேன் என்பது அந்த அமைதியில்தான் எனக்கு விளங்கியது.

"புள்ள சொல்லியா நீங்க கார் ஓடுற?" என்றா மாப்பிள்ளையின் அக்கா. இப்போது சத்தம் போடாமல் கேட்டா. அது இன்னும் பயமாக இருந்தது.

மாப்பிள்ளை அப்போதும் தண்ணீருக்குள்தான் நின்றார். ஒரு கையில் தலைப்பாகை, மற்றக் கையால் காலுக்குக் கீழே தடவிச் சப்பாத்துத் தேடிக்கொண்டிருந்தார். நிமிர்ந்து அப்பாவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"அக்கா, அண்ணனை ஏன் ஏசுற? நான்தான் பின்னால இருந்து தோளில தட்டின. நேரம் போகுது, பாதை முட்டுறதுக்குள்ள கிட்டப் போய் நிப்பம், இறக்குங்க எண்டு சொன்ன. என்ட அவசரம்."

அவர் தட்டவில்லை. ஒரு சொல்லும் சொல்லவில்லை. நான் நடுவில் இருந்தவள், எனக்குத் தெரியும்.

"ஓம், ஓம். நானும் கண்ட" என்றார் நானா, கண்ணைக்கூடச் சிமிட்டாமல். "மாப்பிள்ளைமாருக்கு அவசரம் வாறதுதானே."

கூடி நின்றவர்கள் சிரித்துவிட்டார்கள். சிரிப்பு வந்த பிறகு அபசகுனம் நிற்குமா? நானா பொட்டலியை அவிழ்த்துப் புது வேட்டி ஒன்றை எடுத்து, கலியாணப் பரிசு என்று மாப்பிள்ளையின் தோளில் போட்டார். பாதையும் வந்து சேர்ந்தது. அக்கரையில் நெல்மூட்டை இறக்கிவிட்டு நின்ற உழவு மிசினின் பெட்டியில் ஏறி, ஒற்றைச் சப்பாத்தைக் கையில் பிடித்துக்கொண்டு மாப்பிள்ளை பெண்வீட்டுக்குப் போனார். தாலி கட்டும்போது ஆளில் வாவி மணந்தது என்று சின்னம்மா கடைசிவரை சொல்லிச் சிரித்தா.

அப்பாவும் நானும் தாலி கட்டுவதைக் காணவில்லை. இரண்டு சோடி எருமை கொண்டுவந்து காரை இழுக்கும்வரை துறையில் இருந்தோம். நான் அழுதுகொண்டே இருந்தேன்.

"நீ சொன்னது சரிதானே, மகள்" என்றார் அப்பா. "அக்கரையில ரோட்டு இரிக்கிதானே. நான்தான் பிழையாக் கேட்ட."

மூன்றாம் நாள் சின்னப்பா, இனி அவரை அப்படித்தான் சொல்ல வேண்டும், அப்பாவை விறாந்தையில் பிடித்து இருத்தினார். பொய் சொன்னவருக்கு அதைப் பற்றிப் பேச உரிமை உண்டுதானே.

"அண்ணன், நாளைக்குக் கண் டொக்டரிட்டப் போவம்."

"அது எங்கட அப்பாட கண். ஒண்டும் செய்யேலா."

"அதை டொக்டர் சொல்லட்டும். உங்களுக்காக இன்னொரு தரம் வாவிக்குள்ள இறங்க எனக்கு ஏலா. மத்தச் சப்பாத்தும் போயிரும்."

வெறும் கண்புரை. வெட்டி எடுக்கலாம் என்று டொக்டர் சொன்னாராம். அப்பாவின் அப்பாவுக்கும் அதுவாகத்தான் இருந்திருக்க வேண்டும், எடுத்திருந்தால் கண் வந்திருக்கும். ஒருவரும் அவரைக் கொண்டுபோய்க் காட்டவில்லை. வீட்டுக்கு வந்து அதைச் சொல்லும்போதுதான் அப்பா அழுததை முதலும் கடைசியுமாகக் கண்டேன்.

அம்மா அழவில்லை. அவவுக்கு மாசியிலிருந்தே தெரியுமாம். சாரனை உள்வெளியாக உடுத்திக்கொண்டு துறைக்குப் போகிற மனிதருக்குக் கண் நன்றாக இருக்குமா என்று கேட்டா. அவர் வாயால் சொல்லட்டும் என்று இருந்தாவாம், அதுவரைக்கும் என்னை முன்சீட்டில் இருத்தி வைத்தா. பிறகு ஒருநாள் நானா சொன்னார், "உங்கட அப்பாட ஹோன் கேட்டா நாங்க எல்லாரும் ரோட்டை விட்டு இறங்கிருவம். மாட்டையும் இழுத்துக்கொண்டு." அப்பா அம்மாவுக்கு மறைத்தார், அம்மா அப்பாவுக்கு மறைத்தா, ஊர் இரண்டு பேருக்கும் மறைத்தது. நான்தான் உலகத்தில் ஒரே ரகசியத்தைக் காப்பாற்றுகிறேன் என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு இருந்திருக்கிறேன்.

கொழும்பில் கண்ணை வெட்டி, போத்தல் அடி மாதிரிக் கண்ணாடி போட்டுக்கொண்டு வந்தார் அப்பா. கண் வந்ததும் மனிதருக்குக் காலும் வந்துவிட்டது. கிறவல் ரோட்டில் அவர் பறந்த பறப்பில், கண் தெரியாத காலமே நல்லது என்று வட்டவிதானையார் சொன்னார். எனக்கு வேலை போனது. அதுதான் என் துக்கம், வெளியில் சொல்ல வெட்கம். அப்பாவின் கண் சுகமானதற்கு ஒரு பிள்ளை கவலைப்படலாமா? நான் கவலைப்பட்டேன். முன்சீட்டில் வாயை மூடிக்கொண்டு, வருகிற மாடுகளை எல்லாம் விழுங்கிக்கொண்டு இருந்தேன்.

ஒரு வாரம் அப்படிப் போனது. பிறகு ஒருநாள் அப்பா அந்தத் தடிக் கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப் பையில் போடுவது மாதிரிப் பாவனை செய்து, திரும்பப் போட்டுக்கொண்டு கேட்டார்.

"மகள், முன்னுக்கு என்ன வருகுது?"

கண்ணுக்கு முன்னால் ஒரு எருமைக் கூட்டமே நின்றது. குருடருக்கும் தெரியும்.

"மாடு, அப்பா."

"ஆ, நல்ல நேரம் சொன்னாய்" என்று காரை நிறுத்தினார்.

அந்தக் கார் இப்போது இல்லை. ஒரு இடப்பெயர்வில் விட்டுவிட்டுப் போனோம், திரும்பி வந்தபோது கூடு மட்டும் கிடந்தது. பித்தளை ஹோனை யாரோ கழற்றியிருந்தார்கள். எங்கேயோ ஒரு எருமை அதற்கு இன்னும் பதில் சொல்லிக்கொண்டிருக்கும் என்று நினைத்துக்கொள்வேன். உருப்படாது என்று சொன்ன கலியாணம் நாற்பத்தைந்து வருடம் உருப்பட்டது. மண்முனைப் பாலத்துக்குத் தூண் இறக்கியபோது, என் சப்பாத்தைக் கண்டால் எடுத்து வையுங்கள் என்று வேலைக்காரரிடம் சின்னப்பா சொல்லிவிட்டு வந்தார். மற்றதைக் கடைசிவரை அலுமாரிக்குள் வைத்திருந்தார்.

இதெல்லாம் மனதில் ஓடித்தான் போன கிழமை என் வீட்டுக்காரரை இழுத்துக்கொண்டு டவுனுக்குக் கண் டொக்டரிடம் போனேன். அப்பா மாதிரி மறைத்துக்கொண்டு திரிய இவரை விடப் போவதில்லை. மறுப்பார், சண்டை பிடிப்பார் என்று வழி நெடுகச் சொற்களைக் கூர் தீட்டி வைத்திருந்தேன். மனிதர் ஒரு சொல்லும் பேசாமல் வந்தார். அதுவே எனக்குச் சந்தேகம்.

டொக்டர் ஒரு இளம் பெண்பிள்ளை. என் வீட்டுக்காரரின் கண்ணைப் பார்த்து, எழுத்துகளை வாசிக்கச் சொல்லி, வெளிச்சம் அடித்து, "ஐயாட கண் வயசுக்கு நல்லா இரிக்கி" என்றா. நான் நம்பவில்லை. இன்னொரு தரம் பார்க்கச் சொன்னேன். பார்த்தா. பிறகு என் வீட்டுக்காரர், "வந்ததுக்கு இவவையும் ஒருக்காப் பாருங்களன்" என்றார், ஏதோ அப்போதுதான் யோசனை வந்த மாதிரி.

இரண்டு கண்ணிலும் கண்புரை. வலது கண்ணில் நல்லாய் முற்றிவிட்டதாம். காட்டாமல் எப்படி அம்மா இவ்வளவு நாள் இருந்தீங்க என்று கேட்டா. கார்க் கண்ணாடி அழுக்கு என்று நினைத்தேன் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. என் வீட்டுக்காரர் சுவரில் இருந்த கலண்டரை மிகவும் கவனமாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கண் வெட்டத் திகதி எடுத்துக்கொண்டு வெளியே வந்தோம். இன்னும் இரண்டு கிழமை. ஊருக்குப் போகும் வழியில் நான் வாயைத் திறக்கவில்லை. மண்முனைப் பாலத்தடியில், முன்பு துறை இருந்த இடத்துக்குப் பக்கத்தில், காரை ஓரமாக நிறுத்தினார்.

"எப்ப இருந்து தெரியும்?" என்று கேட்டேன்.

"கரடியனாத்து ரோட்டுல மாடு எண்டு சொன்னியே."

"ஓம். நிப்பாட்டின நீங்கதானே."

"அது மாடு இல்ல புள்ள. யூரியா பேக். காத்துக்கு எழும்பி எழும்பி விழுந்திச்சி."

"அதுக்கு ஏன் நிப்பாட்டின நீங்க?"

"நீ மாடு எண்டு சொன்னாய்" என்றார். "மாடு எண்டு சொன்னா நிப்பாட்டத்தானே வேணும்."

எத்தனை பேக்குக்கு, எத்தனை பற்றைக்கு, எத்தனை வெருளிக்கு இந்த மனிதர் பிரேக் போட்டிருக்கிறாரோ. கேட்கவில்லை. அவர் கியரைப் போட்டார். கிளச்சிலிருந்து காலை எடுக்காமல் இருந்தார்.

"என்ன, சத்தத்தக் காணல்ல? முன்னுக்கு என்ன வருகுது?"

பார்த்தேன். பாலம், வாவி, அக்கரை எல்லாம் ஒரே பாலாகத் தெரிந்தது.

"பாதை இருக்கு" என்றேன். "போங்க."

போனோம்.